கிறிஸ்துமஸுக்கு வந்த கப்கேக் ஈஸ்டருக்கு ஏன் வரவில்லை?

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் என் போன் ஓயாது. எலத்தகிரியிலிருந்து நாத்தனார், தர்மபுரியிலிருந்து அக்கா மகள், கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. "அண்ணி, நடுவுல குழி விழுந்துடுச்சு." "சித்தி, கிரீம் வழியுது." ராத்திரி பாஸ்கா திருவிழிப்புப் பூசைக்குக் கிளம்புவதற்குள் எல்லாம் சரியாக வேண்டும். கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கிறிஸ்துமஸுக்கு இதே அளவுலதானே செஞ்சேன், நல்லா வந்துச்சே!"

வந்திருக்கும். டிசம்பர் காலையில் எங்கள் சமையலறையில் வெண்ணெயைக் கத்தியால்தான் வெட்ட முடியும். ஏப்ரல் மத்தியானம் அதே வெண்ணெய் பேப்பரைப் பிரிப்பதற்குள் கையில் ஒட்டும். போதாததற்கு, தவக்காலம் முழுக்க இனிப்பு செய்யாத வீடுகளில் பேக்கிங் பவுடர் டப்பா, கிரீம் பிழிகிற நாசில், சீரியல் செட் எல்லாமே கிறிஸ்துமஸுக்குப் பிறகு இப்போதுதான் பரணிலிருந்து இறங்குகின்றன. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எந்த ஞாயிறும் வரலாம். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5. தள்ளி வருகிற வருஷம் எனக்குப் போன் அதிகம்.

வருஷா வருஷம் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில். நான் கணக்கு வைத்திருப்பது 12 கப்கேக்குக்கு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 130 கிராம், முட்டை 2, பால் 100 மி.லி. ஓவன் சூடு 180 டிகிரி, 18 முதல் 20 நிமிஷம்.

## உப்பவே இல்லை, கடித்தால் களி மாதிரி இருக்கிறது

முதலில் பேக்கிங் பவுடர். அரை டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். சர்ரென்று நுரைத்து மேலே வந்தால் நல்லது. நாலு குமிழி விட்டு அடங்கினால் குப்பையில் போடுங்கள். டப்பாவில் தேதி இன்னும் இருக்கிறதே என்பார்கள். மூடியைச் சரியாக அழுத்தாமல், இட்லி ஆவி படுகிற இடத்தில் மூன்று மாதம் இருந்த டப்பாவுக்குத் தேதி எந்த உதவியும் செய்யாது. ஆப்ப சோடாவைச் சோதிக்க வெந்நீர் வேண்டாம், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும்.

பவுடர் நல்லதா? அப்படியானால் நீங்கள் போட்டது பேக்கிங் பவுடர்தானா என்று டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கேக் பழுப்பு ஓடி, சோப்பு வாடை அடித்தால் அது ஆப்ப சோடா. தயிர், மோர் மாதிரி புளிப்பு எதுவும் சேராத கலவையில் அது சரியாக வேலை செய்யாது.

அடுத்தது வெண்ணெய். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேதான். வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர் ஊர்க்காரர்களுக்கு எழுதியவை. நம் ஊர் ஏப்ரலில் பத்துப் பதினைந்து நிமிஷமே அதிகம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. மினுங்கினால் மறுபடி ஃப்ரிட்ஜில் பத்து நிமிஷம். சர்க்கரையோடு அடிக்கும்போது நிறம் வெளுத்து, பஞ்சு மாதிரி எழும்ப வேண்டும். எண்ணெயில் நனைந்த மணல் மாதிரி பாத்திரத்தின் அடியில் கிடந்தால் காற்று உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். எவ்வளவு அடித்தாலும் போகாது, குளிர வைத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

முதல் தட்டு நன்றாக வந்து இரண்டாவது தட்டு மட்டும் தட்டையாக வந்ததா? ஆறு குழித் தட்டு வைத்திருக்கும் வீடுகளில் இது சகஜம். முதல் ஆறு வேகும்வரை மீதி மாவு அந்த வெக்கையில் காத்திருக்கிறது. பவுடர் ஈரம் பட்ட உடனே வேலையைத் தொடங்கிவிடும், உங்கள் ஓவனுக்காகக் காத்திருக்காது. மாவைப் பாதிப் பாதியாகக் கலந்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் மீதியை ஃப்ரிட்ஜில் வையுங்கள், அதுவும் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

## நன்றாக உப்பியது, அப்புறம் நடுவில் குழி

கதவைத் திறந்தீர்களா? "ஒரே ஒரு தடவைதான்" என்றால் அதேதான் காரணம். முதல் 15 நிமிஷம் கண்ணாடி வழியாக மட்டும் பாருங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வையுங்கள்.

இல்லையென்றால், பேப்பர் கப்பை எவ்வளவு நிரப்பினீர்கள் என்று பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்குதான். அதுவும் இல்லையென்றால், இன்னும் உப்பட்டும் என்று பேக்கிங் பவுடரை அள்ளிப் போட்டிருப்பீர்கள். அதிகப் பவுடர் போட்ட கேக் வேகமாக ஏறி, தாங்க மாட்டாமல் உட்கார்ந்துவிடும்.

குச்சி குத்தினால் ஈரமாக வருகிறது, நேரம் மட்டும் 25 நிமிஷம் ஆகிவிட்டது என்றால் சந்தேகம் கரண்ட் மேல். சாயங்காலம் ஊரெல்லாம் ஃபேனும் ஏசியும் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஓவன் கம்பி கொடுக்கிற சூடு ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடும். டயலில் 180 டிகிரி என்று நிற்கும், உள்ளே அந்தச் சூடு ஏறியிருக்காது. ஃபேன் சோம்பலாகச் சுற்றினால் அதுதான் அடையாளம். ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்த பிறகு டயலை நம்ப மாட்டீர்கள். நான் ஈஸ்டர் கப்கேக்கை விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் வைக்கிறேன். வோல்டேஜும் இருக்கும், சமையலறையும் குளிர்ந்திருக்கும்.

நடுவில் கரண்டே போய்விட்டால் கதவைத் தொடாதீர்கள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டால் அப்படியே தொடர்ந்து வேக விடலாம், ஐந்து நிமிஷம் கூட ஆகும். அதற்கு மேல் போனால் உப்பல் திரும்பி வராது. குழி விழுந்தவற்றை உதிர்த்து, கஸ்டர்டோடு கிண்ணத்தில் அடுக்கி, மேலே பழம் போட்டுக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அதைத்தான் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், குழி விழாத கப்கேக் தட்டில் அப்படியே இருந்தது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: அக்கம்பக்கத்தில் எல்லாம் நன்றாக எரிய உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு மங்கி மங்கிப் பிரகாசித்தால் ஓவனை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நியூட்ரல் லூசாக இருக்கலாம். தெரு முழுக்க அப்படி என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. இன்னொன்று, 1500 வாட்டுக்கு மேற்பட்ட ஓவனைச் சின்ன பிளக்கில், மாற்று பின் போட்டுச் செருகாதீர்கள். அந்தப் பாயின்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். பிளக் தொட்டால் சுடுகிறது என்றால் அன்றைக்கு பேக்கிங் முடிந்தது.

## மேலே கருகிவிட்டது, உள்ளே மாவு

சின்ன ஓவனில் மேல் கம்பி கேக்கின் தலைக்கு மேலேயே இருக்கும். தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். அப்போதும் கருகினால் 160-க்குக் குறைத்து நேரத்தை ஐந்தாறு நிமிஷம் கூட்டுங்கள். மேலே எரிமலை மாதிரி வெடிப்பு வருவதற்கும் மருந்து இதேதான். கம்பி ஒன்று சிவக்கவே இல்லை, அல்லது எந்த எண்ணில் வைத்தாலும் கொதிக்கிறது என்றால் மெக்கானிக் வேலை. நீங்கள் பிரிக்காதீர்கள்.

குக்கரில் செய்பவர்களுக்கு: வெயிட்டும் கேஸ்கட்டும் கழற்றியாயிற்றா? தண்ணீர் ஊற்றக் கூடாது, அடியில் உப்போ மணலோ பரப்பி ஸ்டாண்டு வைக்க வேண்டும். அடி கருகினால் தீ அதிகம். மேலே வெளுப்பாகத்தான் வரும், அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள், கிரீம் மூடிவிடும். புதுக் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள்.

## பேப்பர் கப் தானாகக் கழன்று வருகிறது

சூடாகத் தட்டிலேயே விட்டிருப்பீர்கள், இல்லையென்றால் ஆறுவதற்கு முன் டப்பாவில் போட்டு மூடியிருப்பீர்கள். வெளியே எடுத்த ஐந்தாவது நிமிஷம் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். அடி ஈரமாக இருந்தால் ஆவிதான்.

## மாங்கூழ் சேர்த்தேன், நடுவில் கொழகொழ

இது நம் மாவட்டத்துக்கே உரிய கோளாறு. கூழ் ஆலைகள் இருக்கிற ஊர், யார் வீட்டிலாவது ஒரு டின் இருக்கும். ஈஸ்டருக்கு மாங்காய் முழுசாகப் பழுத்திருக்காது, அதனால் போன சீசன் டின்னைத் திறப்பார்கள்.

கப்கேக்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே பஞ்சு, அடிக்கு ஒரு விரல் மேலே மஞ்சளாக ஈரக் கோடு, தொட்டால் அல்வா மாதிரி ஒட்டும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைப்பார்கள், மேலே காய்ந்ததுதான் மிச்சம். அந்தக் கோடு கூழில் இருந்த தண்ணீர். பாலையும் முழுசாக ஊற்றி, கூழையும் ஊற்றினால் மாவு எவ்வளவு ஈரத்தைத்தான் குடிக்கும்?

ஒரு கப் கூழை அடி கனமான வாணலியில் போட்டு, சிம்மில் கிளறிக் கிளறி அரை கப்பாக வற்ற வையுங்கள். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் கோடு ஒரு நொடி நிற்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு அந்த அரை கப்பைச் சேர்த்து, பாலைப் பாதியாகக் குறையுங்கள். டின் கூழில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், லேபிளைப் பார்த்து உங்கள் சர்க்கரையில் இரண்டு மூன்று ஸ்பூன் குறையுங்கள். பெங்களூரா ரக மாங்கூழ் புளிக்கும், அதனால் இங்கே மட்டும் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்க்கலாம். அல்போன்சாவில் வாசனை தூக்கலாக இருக்கும், ஆனால் கேக்கில் வெந்த பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. விலையைப் பார்த்து வாங்குங்கள்.

டின் உப்பியிருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். தூக்கிப் போடுங்கள்.

## கிரீம் நிற்கவில்லை, வழிகிறது

வருகிற போனில் பாதி இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேக் ஆறிவிட்டதா? மேலே தொட்டால் ஆறியது போலத்தான் இருக்கும். ஒன்றைத் திருப்பி அடியை உள்ளங்கையில் வையுங்கள். லேசாக வெதுவெதுப்பு தெரிந்தாலும் கிரீம் நிற்காது. ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் ஃப்ரிட்ஜில் 20 நிமிஷம் வைத்துவிட்டுக் கிரீம் போடுங்கள்.

கேக் குளிர்ந்துதான் இருக்கிறது, கிரீம் பாத்திரத்திலேயே தளர்வாக இருக்கிறது என்றால், எந்தக் கிரீம் என்று பாருங்கள். வெண்ணெய் கிரீமா? வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கிவிடும். ஏப்ரலில் தர்மபுரி வெயில் 37, 38-க்குப் போகிறபோது அது நின்றால்தான் ஆச்சரியம். பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் 15 நிமிஷம் வைத்து மறுபடி அடித்தால் இறுகும், ஆனால் மேஜையில் அரை மணிதான் தாக்குப்பிடிக்கும். ஓசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், மேட்டு ஊர், சாயங்காலம் காற்று குளிரும். நாம் ஏப்ரலில் வெண்ணெய் கிரீமை மறந்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. வழக்கமாகக் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு வேறு கரிக்கும்.

கடையில் உறைந்த பெட்டியாகக் கிடைக்கும் விப்பிங் கிரீமா? வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கினீர்களா? சனிக்கிழமை மத்தியானம் வாங்கி வந்து வெந்நீரில் வைத்து இளக்கினால் அது எழும்பாது. ஓரத்தில் கொஞ்சம் ஐஸ் நொறுங்கல் இருக்கும்போதே அடிக்கத் தொடங்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தை ஐஸ் தட்டின் மேல் வைத்து அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் கூம்பு நிற்க வேண்டும், நுனி மட்டும் தலை வணங்கலாம். அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஒரு நிமிஷம் என்று அடித்தால் ரவை ரவையாகத் திரிந்துவிடும். திரிந்துவிட்டால், அடிக்காத கிரீம் இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கரண்டியால் மெதுவாக மடித்துக் கலங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டில் நன்றாக நின்றது, பஸ்ஸில் வழிந்ததா? ஒருமுறை 24 கப்கேக்கைக் கிரீம் போட்டு மடியில் வைத்துக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். 45 கிலோமீட்டர்தானே என்ற தைரியம். காரிமங்கலம் தாண்டும்போது டப்பாவைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கூம்பும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துக் கப்கேக்கின் தோளில் படுத்திருந்தன. அன்றிலிருந்து கேக் தனி, கிரீம் பைப்பிங் பேக்கில் ஐஸ் பையோடு தனி. போய் இறங்கிய இடத்தில்தான் பிழிவேன்.

இது எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் எலுமிச்சைப் பூச்சுக்கு மாறிவிடுங்கள். ஒரு கப் ஐசிங் சுகரைச் சலித்து, ஒன்றரை முதல் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து மேலே ஊற்றினால் அரை மணியில் காயும், வெயிலுக்கும் அசையாது. வீட்டு மிக்ஸியில் அரைத்த சர்க்கரை நறநறக்கும், இதற்கு மட்டும் கடையில் வாங்குங்கள். சாக்லேட் வேண்டுமென்றால் டார்க் காம்பவுண்ட் 200 கிராமுக்கு 100 கிராம் சூடான கிரீம்.

சாயங்காலம் ஐந்து மணி தாண்டியும் கிரீம் நிற்கவில்லையா? பக்கத்து பேக்கரிக்குப் போன் போடுங்கள். ஏசி அறையில் வேலை செய்கிறவர்கள், உங்கள் கேக்கைக் கொண்டுபோனால் கிரீம் மட்டும் பிழிந்து தருகிறவர்களும் உண்டு. கூலி போனால் போகிறது.

## தேங்காய்ப் பூவில் செய்த பறவைக் கூடு பச்சையாகக் கசிகிறது

பச்சைத் தேங்காய்த் துருவலில் கலர் கலந்திருப்பீர்கள். அதில் பால் இருக்கிறது, கிரீமோடு சேர்ந்து ஒழுகும், சீக்கிரம் புளிக்கவும் செய்யும். உலர்ந்த தேங்காய்ப் பூ வாங்கி, நாலு சொட்டுத் தண்ணீரில் கரைத்த பச்சையைப் பிசறி, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். கூட்டுக்குள் வைக்கிற கலர் மிட்டாய் முட்டைகளைக் கொடுப்பதற்குச் சற்று முன் வையுங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் வேர்த்துச் சாயம் விடும்.

## வேகவைத்த முட்டையில் சாயம் பிடிக்கவில்லை

நாட்டுக்கோழி முட்டையா? பழுப்பு ஓட்டில் வெளிர் நிறங்கள் தெரியாது. நாமக்கல் வெள்ளை முட்டையே இதற்குச் சரி.

வெள்ளை முட்டையிலும் திட்டுத் திட்டாக வந்தால் ஓட்டில் எண்ணெய்க் கை பட்டிருக்கும், வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். அப்படியும் வெளிறிப்போனால் தண்ணீரைப் பாருங்கள். ஒரு கப் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் என்பது பொதுக் கணக்கு. நம் பக்கத்துப் போர் தண்ணீரின் உப்பு அந்தப் புளிப்பைத் தின்றுவிடும். ஒகேனக்கல் தண்ணீரிலோ ஃபில்டர் தண்ணீரிலோ கலக்குங்கள், இல்லையென்றால் வினிகரை இரட்டிப்பாக்குங்கள். வெங்காயத் தோல் கொதித்த நீரில் வரும் செம்பழுப்புதான் எனக்குப் பிடித்தது, செலவும் இல்லை.

அலங்காரத்துக்கு வைத்த முட்டையைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இந்த வெயிலில் வேகவைத்த முட்டைக்கு வெளியில் ஒரு மணி நேரம்தான் கெடு.

## சீரியல் செட் பாதி எரிகிறது, பாதி எரியவில்லை

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். எரியாத பாதியில் ஒரே ஒரு பல்பு போயிருந்தாலும் அந்த வரிசை முழுக்க அணையும். ஒவ்வொன்றாக அழுத்தி, லேசாகத் திருப்புங்கள். அப்புறம் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பரணில் எலி கடித்த இடம் கைக்கு உடனே தெரியும். கடித்திருந்தால் செட்டை வீசிவிடுங்கள். செலோடேப் சுற்றி இரும்பு ஜன்னலில் கட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். புது செட் போட்டும் கம்பியைத் தொட்டால் சுர்ரென்றால், அல்லது மெயின் டிரிப் ஆகிக்கொண்டே இருந்தால், எலக்ட்ரீஷியன்.

## தோரணம் விழுகிறது, பூ வாடுகிறது

சுவரைக் கையால் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் எந்த டேப்பும் நிற்காது, அந்தச் சுவரை விட்டுவிட்டு ஜன்னல் கம்பிக்கும் கதவு நிலைக்கும் நூல் கட்டுங்கள்.

ராயக்கோட்டை சாமந்தியும் சம்பங்கியும் ஈரத் துணியில் ஒரு ராத்திரி தாங்கும். ஓசூர் ரோஜா தலை தொங்கினால் தண்டின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, கழுத்து வரை தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். எழுந்துகொண்டால் சரி, இல்லையென்றால் இதழ் உதிர்த்துத் தட்டில் போடுங்கள்.

லில்லி வாங்கினால் விரிந்த உடனே நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளைப் பேப்பரால் கிள்ளி எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டு, மேஜை விரிப்பில் ஆரஞ்சுப் பொடி கொட்டிவிட்டதா? தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு வெயிலில் போடுங்கள், மிச்சம் வெளுக்கும். பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையில் பட்டிருந்தால் கையே வைக்காமல் மடித்துக் கொண்டுபோய் டிரை கிளீனிங் கடையில் கொடுங்கள். கறை எதனால் என்று கேட்பார்கள், மஞ்சள் என்று சொல்லிவிடாதீர்கள், லில்லி மகரந்தம் என்று சொல்லுங்கள்.